அறையில் இருந்தவர்கள்

ஆதிலட்சுமி திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பதினொரு மணி. 1987ஆம் வருடம், சித்திரை மாதம். சாலைத் தார் இளகிச் செருப்படியில் ஒட்டியது. ஆசிரமத்துக்குப் போகும் வெள்ளைக்காரர் ஒருவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு புளியமர நிழல் விட்டு நிழல் தாவி நடந்துகொண்டிருந்தார். மலைப்பாறைகளில் ஏறிய சூடு அனலாகச் சாலைக்கு இறங்கியது.

அவள் தேடி வந்தது பழைய சுண்ணாம்புக் கட்டடம். வாசலில் 'இராமலிங்கம் தட்டச்சுப் பயிலகம்' என்ற பலகை. அதன் கீழே புதிதாக எழுதிச் சேர்த்த வரி: 'கம்ப்யூட்டரும் கற்றுத் தரப்படும்.'

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவள் சென்னையிலிருந்து ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தாள். அவள் வேலை பார்த்த சிறிய நிறுவனம், தமிழிலேயே கட்டளை எழுதும் ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியிருந்தது. அதற்கு 'ஏவல்' என்று பெயர். திரையில் ஒன்றைக் காட்ட 'எழுது' என்று தட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவரிடம் பதில் வாங்க 'கேள்'. முடிக்க 'நில்'. அந்தக் 'கேள்' என்ற கட்டளையை ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியவள் ஆதிலட்சுமி. யாராவது விசையைத் தட்டும்வரை அது சும்மா காத்திருக்கும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

அது காத்திருக்கவில்லை என்று பயிலகத்திலிருந்து பதினோரு புகார்கள் வந்திருந்தன.

எல்லாவற்றையும் எழுதியவர் அங்கே தட்டச்சு சொல்லிக் கொடுக்கும் சரோஜா. நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த தாளில் மூன்று கேள்விகள் இருக்கும்: செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. சரோஜா மூன்றையும் பிசகில்லாமல் தட்டச்சு செய்திருந்தார். 'பேர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. நாங்கள் விசையைத் தொடுவதற்குள் அதுவே ஒரு பெயரை எழுதிக்கொண்டது. ஆயாயி.' பதினோரு தாளிலும் அதே பெயர். ஆறாவது தாளில் ஒரு குறிப்பு: 'ஆராயி என்று இருக்க வேண்டுமோ? "ரா" என்ற எழுத்து "யா" என்று விழுகிறதோ?' ஒவ்வொரு தாளின் அடியிலும் நான்காவதாக ஒரு வரியைப் பேனாவால் தாமாகவே சேர்த்திருந்தார். 'அறையில் இருந்தவர்கள்.'

நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருந்த மூர்த்தி தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "நம்ம கண்ணு முன்னால திரும்பவும் வந்தாத்தான் அது பிழை. போய்ப் பாருங்க. வராது. 'வரவில்லை'ன்னு எழுதிட்டு வந்துடுங்க."

பார்க்காத ஒன்றை ஆதிலட்சுமி எழுதியதில்லை. அதனால்தான் நேரில் வந்தாள்.

முன்கூடத்தில் பன்னிரண்டு டைப்ரைட்டர்கள் உறை போட்டு நின்றன. காலை வகுப்புகள் முடிந்துவிட்டிருந்தன. நாற்பது வயது தாண்டிய ஒருவர், வெளுத்த வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, வாசற்படியிலேயே அவளை நிறுத்தினார்.

"நான்தான் இராமலிங்கம். வெயில்ல வந்திருக்கீங்க. ஆனா ஒண்ணும் பாக்க வேணாம்மா. அந்த மிஷின நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குத் தோதுப்படல."

"பிழை என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம் சார்."

"பேரையே ஏவல்னு வெச்சிருக்கீங்க. அப்புறம் என்னாத்த சரி பண்றது?" சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. "நான் தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்."

அவர் போனதும் சரோஜா அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உருவம், எதையும் தாழ்ந்த குரலில் சொல்லும் பழக்கம். உள்ளறைச் சுவர்கள் இரண்டடி கனம். ஒரே ஒரு ஜன்னல், அது சாலையைப் பார்த்தது. மேசைமேல் கம்ப்யூட்டர். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

"புரோகிராம் யாரு எழுதினதுங்க?"

"முதலாளிதான் மேடம். கத்துக்கிட்டு முதமுதல்ல எழுதினது. பசங்கள சேர்க்கறப்ப விவரம் கேக்கறதுக்கு."

ஆறே வரிகள். பேர் என்ன? ஊர் எது? யாருடன் வந்தாய்? ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் ஒரு 'கேள்'.

"யாருடன் வந்தாய்னு எதுக்கு?"

"நானும் கேட்டேன். கை அதுவா எழுதிடுச்சுன்னாரு."

ஆதிலட்சுமி புரோகிராமை ஓட விட்டாள். திரையில் பச்சை எழுத்தில் 'பேர் என்ன?' என்று வந்தது. கீழே சின்னக் கட்டம் ஒன்று மினுக் மினுக்கென்று காத்திருந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து. எதுவும் வரவில்லை.

முப்பது முறை ஓட்டினாள். 'ரா' என்ற எழுத்தைத் தானே தட்டிப் பார்த்தாள். 'ரா' என்றே விழுந்தது. பன்னிரண்டரை மணி ஆயிற்று. பையிலிருந்து தாளை எடுத்து, 'நடந்தது என்ன' என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். 'வர' என்று எழுதினாள்.

அப்போது வாசனை வந்தது.

முதலில் கற்பூரம். பிறகு நெய் கருகும் மணம். அதற்கும் அடியில் நனைந்த துணிகளின் நாற்றம். மழையில் நனைந்து காயாமலே நெருக்கியடித்து நிற்கும் ஆயிரக்கணக்கான மனிதர்களின் உடம்பு வாடை. வெளியே மண் வெடிக்கும் வெயில். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சரோஜா மூக்கைப் பொத்தவில்லை. திரையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பேர் என்ன?

ஆ

ஆதிலட்சுமியின் கைகள் மடியில் இருந்தன.

சற்று இடைவெளி. யோசிப்பதுபோல. 'யா.' இன்னும் நீண்ட இடைவெளி. 'யி.'

ஊர் எது?

கீழ்பென்னாத்தூர்.

யாருடன் வந்தாய்?

கட்டம் மினுக்கிக்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை. மினுக்குவது வேகம் எடுத்ததுபோல் அவளுக்குத் தோன்றியது. அப்படி எடுக்க முடியாது. அந்த வேகத்தைக் கணக்கிட்டு வைத்தவளே அவள்தான்.

"எப்பவும் இங்கதான் நிக்கும் மேடம்," என்றார் சரோஜா. "மூணாவதுக்கு பதில் சொல்லாது."

ஆதிலட்சுமி பயப்படுவதற்கு முன் வேலையில் இறங்கினாள். அது அவள் சுபாவம். கீபோர்டின் வயரைப் பின்னாலிருந்து பிடுங்கி, கீபோர்டையே தூக்கி சரோஜாவின் கையில் கொடுத்தாள். போட்டதுமே புரோகிராம் தானாக ஓடும்படி இருந்த இயந்திரத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டாள்.

ஆ. யா. யி.

கீபோர்டு சரோஜாவின் இடுப்பில் குழந்தையைப்போல் இருந்தது. வயர் தரையில் தொங்கியது.

அடுத்து கீபோர்டைத் திரும்ப வாங்கிச் செருகி, புரோகிராமைக் குறைக்கத் தொடங்கினாள். ஒரு பிழையைப் பிடிக்க அதுதான் வழி. ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு, எந்த வரி போனதும் பிழை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறாவது வரியை எடுத்தாள். பெயர் வந்தது. ஐந்தாவதை எடுத்தாள். வந்தது. நாலு, மூன்று, ஒன்று. ஒற்றைக் 'கேள்' மட்டும் மிச்சமிருந்தது. அதையும் அழித்தாள்.

வெறும் திரை. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

தான் கொண்டுவந்த புதுப் பிளாப்பியைப் போட்டு மொழியையே மறுபடி ஏற்றினாள்.

பேர் என்ன?

இந்த முறை கேள்வியையும் அதுவே கேட்டுக்கொண்டது.

ஆதிலட்சுமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். முதுகு நனைந்திருந்தது. பதினோரு தாள்களையும் மேசையில் பரப்பினாள். கிழமை வேறு, நேரம் வேறு, உட்கார்ந்தவர் வேறு. கடைசி வரியைப் படித்தாள். 'நான், முதலாளி, மாணவி ஒருத்தி.' 'நான், முதலாளி.' 'முதலாளி மட்டும், நான் வாசலில்.'

நிமிர்ந்து சரோஜாவைப் பார்த்தாள்.

"நீங்களா யோசிச்சுத்தான் இத எழுதினீங்களா?"

"எங்கிட்ட யாரும் கேக்கலியே மேடம். கேட்டா சொல்லலாம்னு எழுதி வெச்சேன்."

"இப்ப அவரு எங்க?"

"பன்னண்டரைக்கே வந்துட்டாரு. முன்கூடத்துல ஒக்காந்திருக்காரு."

முப்பது முறை ஓடியபோது அவர் தபாலாபீஸில் இருந்தார். அவர் படியேறிய நேரத்தில்தான் வாசனை வந்தது.

சரோஜா முன்கூடத்துக்குப் போய் ஏதோ சொன்னார். இராமலிங்கம் எதிர்க்கடைக்குச் சோடா வாங்கப் போனார். வாசனை சட்டென்று அறுந்தது. ஆதிலட்சுமி ஓட்டிப் பார்த்தாள். எதுவும் இல்லை. செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. 'ஆ' விழுந்தது. மறுபடி ஒரு காரணம் சொல்லி அனுப்பினார்கள். நின்றது. திரும்பி வந்தார். விழுந்தது. மூன்றாவது முறை அவரே வெளியே போக மறுத்துவிட்டார். உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"என்னை வெச்சு சோதனை பண்றீங்க," என்றார். "இல்லியா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மின்விசிறிக் காற்றில் மேசையின் தாள்கள் படபடத்தன. ஜன்னல் திரை ஆடியது. அவருடைய வேட்டியும் ஆடியது, ஓர் இடத்தைத் தவிர. இடதுபுறம், முழங்காலுக்குச் சற்று மேலே, வேட்டியின் ஒரு பிடித் துணி கொத்தாகச் சுருங்கி விறைத்து நின்றது.

ஈரமாக இருந்தது. சின்னச் சின்ன மடிப்புகள்.

ஐந்து மடிப்புகள்.

"சார்," என்றாள் ஆதிலட்சுமி, மெதுவாக. "ஆயாயின்னு வர்ற பேரு... அந்த எழுத்துப் பிழை..."

"எழுத்துல பிழை இல்லம்மா." அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாதவரைப்போல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொழந்தைக்கு 'ரா' வராது."

சரோஜா பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தார்.

"எழுபத்தி நாலு கார்த்திகை தீபம். அப்ப இந்த வூடு எங்க தொண்டர் சங்கத்துகிட்ட இருந்துது. கூட்டத்துல வழி தவறிப்போற புள்ளைங்கள இங்க கொண்டாந்து வுடுவாங்க. இந்த ரூம்லதான் மைக்கு. நாந்தான் பேசறவன். ஒவ்வொரு புள்ளையா நிக்க வெச்சு மூணு கேள்வி கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டு மைக்குல சொல்லுவேன். பேர் என்ன, ஊர் எது, யாருடன் வந்தாய். அன்னிக்கு மழ. மலமேல தீபம் ஏத்தற நேரம். அஞ்சு வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. ஆயாயின்னுச்சு. ஊரும் சொல்லிச்சு. யாரோட வந்தேன்னா, அம்மான்னுச்சு. அம்மா பேருன்னா, அம்மான்னுச்சு. வந்ததுலருந்து என் வேட்டிய விடல."

வெளியே எங்கேயோ, மிகத் தொலைவில், பெருங்கூட்டத்தின் இரைச்சல் போல ஒன்று எழுந்தது. அரோகரா என்று லட்சம் வாய்கள் ஒன்றாகச் சொல்வது சுவருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. ஆதிலட்சுமி ஜன்னலருகே போய்ப் பார்த்தாள்.

சாலையில் ஒருவரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

"ஒரு பொம்பள வந்துச்சு. என் பொண்ணுதான்னுச்சு. கொழந்த அது மூஞ்சியப் பாத்துட்டு எம் பின்னால வந்து ஒளிஞ்சுது. எனக்குப் புரிஞ்சுதும்மா. புரியலன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரூம் பூரா புள்ளைங்க அழுவுது, மைக்கு வேற கத்துது, நான் காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. ஒண்ணு கம்மியானா போதும்னு இருந்துது." அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "நாந்தான் வெரல பிரிச்சேன். ஒவ்வொரு வெரலா. பிரிச்சு அந்தப் பொம்பள கையில குடுத்தேன்."

"அப்புறம்?" என்று கேட்டது சரோஜா.

"ஒரு மணி நேரம் கழிச்சு பெத்தவ வந்தா. ஜோதியம்மாள். தலைவிரி கோலமா. நான் நோட்டுலருந்து அந்தத் தாள கிழிச்சு வாயில போட்டுக்கிட்டேன். அந்த மாதிரி கொழந்த இங்க வரவே இல்லன்னேன். போலீஸ்லயும் அதையேதான் சொன்னேன். அதனால கூட்டத்துல மிதிபட்டிருக்கும், கொளத்துல வுழுந்திருக்கும்னு அங்கியே தேடினாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரும் தேடல. ரெண்டு வருஷம் முன்ன இந்த வூட்டயே வெலைக்கு வாங்கினேன். வேற யாரும் இதுல குடிவந்துடக் கூடாதுன்னு பயம்."

திரையில் மூன்றாவது கேள்வி இன்னும் நின்றது.

யாருடன் வந்தாய்?

ஆதிலட்சுமி கீபோர்டை மேசை விளிம்புக்கு இழுத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். தன் குரல் எப்படி வந்தது என்று பிற்பாடு யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

"பதில் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான் சார். ஒக்காந்து எழுதுங்க."

அவர் நடந்து வந்தார். கொத்தாக விறைத்த துணியும் கூடவே வந்தது. உட்கார்ந்தார். பன்னிரண்டு இயந்திரங்களில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தட்டச்சு கற்றுக் கொடுத்தவர், ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார்.

ஜோதியம்மாளோடு.

கட்டம் மினுக்குவது நின்றது. திரை முழுவதும் துடைத்தாற்போல் அழிந்தது. சரோஜா மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி முடிந்தது என்று நினைத்தாள்.

புதிய வரி ஒன்று விழுந்தது. அவர் எழுதிய புரோகிராமில் இல்லாத கேள்வி. எந்தப் புரோகிராமிலும் இல்லாத கேள்வி.

யாருடன் போனாய்?

இராமலிங்கம் 'தெரியாது' என்று தட்டினார்.

யாருடன் போனாய்?

'தெரியாது. பேர் கேட்கவில்லை.'

யாருடன் போனாய்?

அவர் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். பிறகு எழுதினார். 'நான்தான் அனுப்பினேன்.'

வேட்டியின் கொத்து அவிழ்ந்தது. துணி மெல்ல விரிந்து மின்விசிறிக் காற்றில் ஆடத் தொடங்கியது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பதின்மூன்று வருடம் அழாதவர், வாய்விட்டு அழுதார்.

அந்த அழுகைக்கு நடுவில் ஆதிலட்சுமி தன் புடவைக் கொசுவத்தில் ஒரு கனத்தை உணர்ந்தாள்.

யாரோ பிடித்திருந்தார்கள்.

அவள் கீழே பார்க்கவில்லை. காலை நகர்த்தவும் இல்லை. திரையில் கடைசிக் கேள்வி அப்படியே இருந்தது. "சார், இங்கேருந்து கீழ்பென்னாத்தூருக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளும் இராமலிங்கமும் இரண்டரை மணி பஸ்ஸில் போனார்கள். சென்னைக்குத் திரும்பும் வழிதான். ஆதிலட்சுமி ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் உட்கார வந்த பெண்மணி ஒருத்தி, உட்காரப்போனவள், ஏதோ உறுத்தியதுபோல் எழுந்து பின்சீட்டுக்குப் போனாள். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது. கொசுவத்தின் கனம் மட்டும் குறையவில்லை.

ஜோதியம்மாளின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், மணிலாக்கொட்டை காயப்போட்டிருந்த களத்தின் ஓரத்தில் இருந்தது. அவளுக்கு நாற்பதுக்கு மேல் இருக்காது. தலை முழுக்க நரைத்திருந்தது. காலால் கடலைக்காய்களைத் துழாவிக் கிளறிக்கொண்டிருந்தவள் இராமலிங்கத்தைக் கண்டதும் நின்றாள்.

"தீபத்துக்கு தீபம் ஒங்க வாசல்ல வந்து நிப்பேன். கதவ சாத்திக்குவீங்களே. இன்னிக்கு என்னா நீங்களே வந்திருக்கீங்க?"

அவர் களத்து மண்ணில் முழங்காலிட்டுச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. மென்று விழுங்கிய தாளைக்கூடச் சொன்னார். ஆதிலட்சுமி சற்றுத் தள்ளி நின்றாள். அந்தத் தாய் அவரை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள்.

ஜோதியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. "அழுதாளா?"

"இல்லம்மா. அழல. என் வேட்டிய கெட்டியா புடிச்சுக்கிட்டா."

"அப்பிடித்தான் புடிப்பா." அவள் களத்தைப் பார்த்துச் சொன்னாள். "தூங்கறப்பகூட என் சீலைய விட மாட்டா. செத்துட்டான்னு காரியம் பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. யாரோ கூட்டிக்கினு போயிட்டாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். கிறுக்கச்சின்னு சொன்னாங்க." பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "போலீசுல வந்து இதையே சொல்லுவீங்களா?"

"இப்பவே வரேன்."

அவள் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். ஆதிலட்சுமியைத் தாண்டும்போது சட்டென்று நின்றாள். அவளுடைய பார்வை ஆதிலட்சுமியின் முகத்தில் படவில்லை. அதற்கு மிகவும் கீழே, இடுப்புக்கும் கீழே, கொசுவத்தருகே தங்கியது. கையை அந்தப் பக்கம் நீட்டினாள், தெருவைத் தாண்டும்போது நீட்டுவதுபோல.

ஆதிலட்சுமியின் கொசுவம் லேசானது.

ஜோதியம்மாள் ஒரு கையை விரல் மடித்துத் தாழ்த்தியபடியே முன்னால் நடந்தாள். இராமலிங்கம் பின்னால் போனார். ஆதிலட்சுமி சென்னை பஸ்ஸுக்காகக் கடைத்தெருவில் நின்று, பையிலிருந்த தாளை எடுத்து, 'வர' என்று பாதியில் விட்ட சொல்லை அடித்துவிட்டு 'வந்தது' என்று எழுதினாள். அதற்குமேல் எழுத அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

போலீஸ் வாக்குமூலம் எழுதிக்கொண்டது. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய பெண்ணை எங்கே தேடுவது என்றும் சொன்னது. இராமலிங்கம் பயிலகத்தை சரோஜாவிடம் விட்டுவிட்டு, வழக்கு நடக்கும் நாட்களில் கோர்ட்டுக்கும் மற்ற நாட்களில் ஊர் ஊராகப் பஸ் நிலையங்களுக்கும் அலைந்தார் என்று சரோஜா எழுதினார். கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்றும் எழுதினார். அது பன்னிரண்டாவது தாள். அடியில் அந்த நான்காவது வரி இல்லை.

மூர்த்தி 'வந்தது' என்ற சொல்லைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "இப்ப வருதா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுது," என்று தாளை மற்றத் தாள்களின் கட்டோடு சேர்த்தார். ஆனி மாதம் ஏவல் மொழியை நாற்பது பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். திருவண்ணாமலைக்கு அவள் கொண்டுபோய், அந்த அறையில் போட்டு ஓட்டிய பிளாப்பியிலிருந்துதான் நாற்பது பிரதிகளும் எடுக்கப்பட்டன. அது ஆதிலட்சுமிக்குத் தெரியும். தடுக்கக் காரணம் சொல்ல அவளால் முடியவில்லை. சொல்ல வேண்டும் என்று அவள் மிகவும் முயன்றாள் என்றும் சொல்ல முடியாது.

ஆவணி கடைசியில் ஒரு பகல், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், மேற்கே தொலைவான ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாள் வந்தது. பெண்கள் விடுதியோடு சேர்ந்த பள்ளி. எழுதியவர் அங்கே கணக்கு ஆசிரியை. ஆதிலட்சுமி அவரைப் பார்த்ததில்லை, அவரும் திருவண்ணாமலையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவள் நின்றுகொண்டே படித்தாள்.

'செய்தது என்ன: ஏழாம் வாய்ப்பாட்டைத் திரையில் காட்டும்படி மாணவிகள் எழுதிய புரோகிராமை ஓட்டினோம்.

எதிர்பார்த்தது என்ன: வாய்ப்பாடு.

நடந்தது என்ன: ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வந்ததும் நின்றுவிட்டது. நாங்கள் எழுதாத ஒரு கேள்வி வந்தது. "யாருடன் போனாய்?" யாரும் கீபோர்டைத் தொடவில்லை. எங்கள் விடுதியில் பன்னிரண்டு வருடமாகச் சமைக்கும் கன்னியம்மாள் அப்போதுதான் குடிதண்ணீர்ப் பானையோடு அறைக்குள் வந்தார். திரையைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் பானையைப் போட்டு உடைத்துவிட்டு, தன் புடவையை யாரிடமிருந்தோ விடுவித்துக்கொள்வதுபோல் உதறி உதறி அலறினார். இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை. இந்தப் பிழையை உடனே சரிசெய்ய வேண்டுகிறேன். கேள்விக்கு அதுவே ஒரு பதிலையும் எழுதிக்கொண்டது. அதை அப்படியே கீழே தருகிறேன்.

"இவங்களோட."'